காரைத் தனியாளுக்கு விற்கும்போது எந்தப் பேப்பர், எப்போது, யார் கையில்

கேள்வி இது: 2016 மாடல் கார். வங்கிக் கடன் எப்போதோ கட்டி முடித்தாயிற்று. தெரிந்தவர் சொல்லி ஒருவர் வாங்க வந்திருக்கிறார், விலையும் பேசியாயிற்று. "ஃபார்ம்ல மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், நேம் டிரான்ஸ்பர் நான் பார்த்துக்கறேன்" என்கிறார். நம்பிக் கொடுக்கலாமா? வேறு என்னென்ன பேப்பர் வேண்டும்?

கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாத வெற்றுப் படிவத்தில் போடக்கூடாது. "நான் பார்த்துக்கறேன்" என்பதை நம்பி வீட்டில் உட்காரவும் கூடாது. அந்த ஆள் மோசமானவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நல்லவராகவே இருக்கலாம், சோம்பேறியாகவும் இருக்கலாம். அவருடைய சோம்பேறித்தனத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதுதான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவுப்படி யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் யார் கொடுத்தார், சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதில் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் 2007-லேயே காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, அவர் வேறொருவருக்கு விற்க, கார் கை மாறிக்கொண்டே போனது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. 2009-ல் விபத்து, ஒரு உயிர் போயிற்று. இழப்பீட்டுப் பொறுப்பு முதல் ஆள் தலையில்தான் விழுந்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு விற்பனையாகத் துருவிக்கொண்டு கடைசி ஆளைத் தேடிப் போக வேண்டியதில்லை, பதிவேட்டில் உள்ள பெயரைப் பிடித்தால் போதும் என்பதுதான் நீதிமன்றத்தின் நியாயம். யோசித்துப் பார்த்தால் சரியான நியாயம்தான், விற்றவர் இடத்தில் நாம் இல்லாதவரை.

ஆகவே, பணம் வந்த நாளில் உங்கள் விற்பனை முடிவதில்லை. பதிவேட்டில் பெயர் மாறிய நாளில்தான் முடிகிறது. கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைக்க, குறைக்க முடியாத இடத்தில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ள. படிவங்கள் மத்திய விதிகளின்படி வருபவை என்பதால் இந்தியா முழுக்க ஒன்றுதான். அலுவலக நடைமுறை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

வாங்குபவர் பணத்தோடு வருவதற்கு முன்பே நீங்கள் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கேள்வியில் போகிற போக்கில் வந்துபோன விஷயம் அது: கடன். கடனைக் கட்டி முடித்ததும் எச்பி, அதாவது வண்டி வங்கிக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு, தானாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. வங்கி தன் கணக்கை மூடிவிடும், ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனிலோ எம்பரிவாஹன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருந்தால், அது நீங்குகிறவரை வங்கியின் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் நகராது. இதற்கு வங்கியிடமிருந்து இரண்டு பேப்பர் வேண்டும்: கடன் தீர்ந்தது, ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் (என்ஓசி) ஒன்று, வங்கியும் நீங்களும் கையெழுத்திட்ட படிவம் 35 ஒன்று. கடன் முடிந்தபோதே இவற்றை அனுப்பியிருப்பார்கள், அலமாரியில் எங்கோ கிடக்கும். எடுத்துப் பாருங்கள், ஆனால் தேதியையும் பாருங்கள். வங்கியின் என்ஓசிக்குப் பெரும்பாலும் ஒரு காலக்கெடு இருக்கும். அது தாண்டியிருந்தால் புதிதாக வாங்க வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருந்தால் இதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். விலை பேசி முன்பணம் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் சங்கடம்.

எச்பி நீக்கமும் பெயர் மாற்றமும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்க இடம் உண்டு. இருந்தாலும் எச்பியைத் தனியாக முதலில் முடித்துவிடுங்கள் என்பேன். சுத்தமான ஆர்சியைக் காட்டி விற்றால் பேரத்தில் ஒரு சாக்கு குறையும்.

அதே சமயத்தில் வேறு சிலவற்றையும் சரிபார்த்துவிடலாம். ஆர்சியில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்துகிறதா? இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, விரித்து எழுதியிருக்கிறதா என்பதெல்லாம் நமக்கு விளையாட்டு, கணினிக்கு வேறு வேறு ஆள். பதிவில் உள்ள கைபேசி எண் உங்களுடையதா, இன்றும் உயிரோடு இருக்கிறதா? புதுக் கார் வாங்கும்போது டீலர் கடை ஊழியர் தன் எண்ணைக் கொடுத்து வேலையை முடித்த கதைகள் நிறைய. ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். நிலுவையில் உள்ள அபராதங்களை இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துக் கட்டிவிடுங்கள். கேமரா பிடித்த அபராதம் இருப்பதே பல பேருக்குத் தெரியாது, பெயர் மாற்றும் நேரத்தில்தான் எட்டிப் பார்க்கும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். உங்கள் 2016 காருக்கு அந்தக் கவலை இல்லை. காலாவதியை நெருங்கும் வண்டி என்றால் புதுப்பிக்கும் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். புகைச் சான்றிதழும் காப்பீடும் நடப்பில் இருக்கட்டும்.

கார் உங்கள் பெயரில் இல்லாமல் காலமான அப்பா பெயரில் இருக்கிறது என்றால், அது வேறு பாதை. இறந்தவர் பெயரிலிருந்து நேராக வாங்குபவருக்கு மாற்ற முடியாது. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 எல்லாம் கொடுத்து முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் விற்க வேண்டும். கையெழுத்தை யாராவது "அப்படியே போட்டு" முடித்துத் தருகிறேன் என்றால் அது குற்றம். வேறு பெயர் அதற்கு இல்லை.

சரி, இப்போது பேரம் முடியும் நாள். முக்கியமான படிவங்கள் இரண்டுதான். படிவம் 29 உங்களுடையது: "என் வண்டியை இன்னாருக்கு, இன்ன தேதியில் விற்றுவிட்டேன்" என்று பதிவு அலுவலகத்துக்கு நீங்கள் கொடுக்கும் தகவல். படிவம் 30 வாங்குபவருடைய விண்ணப்பம், அதில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். 29-ஐ ஒரு பிரதியோடு விடாமல் மூன்று பிரதி எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர், வாங்குபவர் இருவருடைய எல்லைக்குரிய பதிவு அலுவலகங்களுக்கும் அந்தத் தகவல் போக வேண்டும் என்பது விதி. ஒன்று உங்கள் கைக்கு. சேசிஸ் எண்ணை, அதாவது வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணை, பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட்டைப் படிவத்தில் ஒட்டச் சொல்வார்கள், காரைக் கொடுப்பதற்கு முன்பே இரண்டு மூன்று எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கையெழுத்து, வண்டி பதிவு செய்தபோது போட்டது போலவே இருக்கட்டும். பத்து வருடத்தில் நம் கையெழுத்து நமக்கே தெரியாமல் மாறியிருக்கும், விண்ணப்பம் திரும்பி வர அது ஒரு காரணமாகிவிடும்.

வெற்றுப் படிவம் ஏன் கூடாது என்பதற்கு வருகிறேன். வாங்குபவர் பெயர் எழுதாத 29, 30 என்பது காசோலையில் கையெழுத்துப் போட்டுத் தொகையை எழுதாமல் கொடுப்பது மாதிரிதான். பெயரை நிரப்பாமல் வாங்கிப் போகிறவர் பெரும்பாலும் தனக்காக வாங்குவதில்லை. லாபம் வைத்து மறுபடி விற்பார், நடுவில் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் செலவை மிச்சம் பிடிப்பார். அவர் விற்கும் ஆளும் அதையே செய்யலாம். மேலே சொன்ன வழக்கில் கார் கை மாறியது போலத்தான். ஆகவே பெயர், முகவரி, தேதி, தொகை எல்லாம் உங்கள் கண்முன்னால் பேனாவால் நிரப்பிய பிறகுதான் கையெழுத்து. வாங்குபவரின் ஆதார், பான் நகல்களை அவர் கையெழுத்தோடு வாங்குங்கள், அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் அடையாள நகல்களைக் கொடுக்கும்போது குறுக்கே "இந்த எண்ணுள்ள வாகனத்தின் பெயர் மாற்றத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுவிடுங்கள்.

படிவங்களோடு டெலிவரி நோட் ஒன்று அவசியம். சட்டம் கேட்கிற பேப்பர் இல்லை இது, ஆனால் பிரச்சினை வரும் நாளில் முதலில் கேட்கப்படுவது இதைத்தான். வண்டி எண், சேசிஸ், என்ஜின் எண்கள், ஓடிய கிலோமீட்டர், விற்ற விலை, பணம் வந்த விதம், ஒப்படைத்த தேதி, அதோடு நேரம். நேரத்தை மறக்காதீர்கள். காலை பதினொன்றுக்குக் காரைக் கொடுக்கிறீர்கள், மாலை நான்கு மணிக்கு அவர் யாரையோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறார் என்று வையுங்கள். தேதி மட்டும் எழுதிய பேப்பர் அந்த இடத்தில் உங்களுக்குப் பாதிதான் உதவும். "இந்த நேரத்துக்குப் பிறகு நிகழும் விபத்து, அபராதம், குற்றச் செயல் அனைத்துக்கும் வாங்கியவரே பொறுப்பு" என்ற வரியும், "உள்ளது உள்ளபடி பார்த்து, ஓட்டிப் பார்த்து வாங்குகிறேன்" என்ற வரியும் இருக்கட்டும். இருவரும், இரண்டு சாட்சிகளும் கையெழுத்து. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் காட்டினால் கனம் கூடும், ஆனால் வெள்ளைத் தாளில் தெளிவாக எழுதியதும் பேப்பர்தான். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: இந்த ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும் இடையில்தான் செல்லும். விபத்தில் பாதிக்கப்பட்டவரை இது கட்டுப்படுத்தாது. அவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிவந்தால், அந்தப் பணத்தை வாங்கியவரிடம் திருப்பிக் கேட்க இது ஆதாரம். போலீஸ் விசாரணை என்று வந்தால் அன்று வண்டி உங்களிடம் இல்லை என்பதற்கும் ஆதாரம்.

பணம் வங்கி வழியாக வரட்டும். ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் அதே அளவு தொகை அபராதமாகப் போகலாம், அதுவும் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய உங்களுக்கு. அதற்குக் குறைவாக ரொக்கம் வாங்கினாலும் ரசீது கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். யுபிஐ, நெஃப்ட் எதுவானாலும் பணம் வந்துவிட்டதா என்பதை உங்கள் வங்கிக் கணக்கில் பார்த்து உறுதி செய்யுங்கள், வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் அல்ல. சொந்த உபயோகக் காரை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி வருமா என்று சிலர் கேட்பார்கள், வராது. தொழில் கணக்கில் தேய்மானம் காட்டிய கார் என்றால் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இப்போது உண்மையான இழுபறி: அசல் ஆர்சி. அது இல்லாமல் வாங்குபவர் பெயர் மாற்ற முடியாது. கொடுத்துவிட்டால் உங்கள் பிடி போய்விடும். என் யோசனை, கார் ஒப்படைக்கும் அன்றே இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பரிவாஹன் தளத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது. வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் கொடுத்து உள்ளே போனால், ஓடிபி உங்கள் கைபேசிக்கு வரும். முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகு அந்த ஓடிபியைக் கொடுங்கள், கட்டணத்தை அவர் கட்டட்டும், விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இருந்தால் நிலை என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம், அவரை நச்சரிக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு மத்திய விதிப்படியான கட்டணம் காருக்கு வெறும் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம் எல்லாம் தனி. பல ஆயிரம் ஆகும் என்று யாராவது பயமுறுத்தினால் அது ஏஜென்ட்டின் கூலி.

அன்றே போட முடியவில்லை என்றால் இன்னொரு வழி: பேசிய விலைக்கு மேல் ஒரு சிறு தொகையை டெபாசிட்டாக வாங்கி வைத்துக்கொண்டு, புதிய ஆர்சியின் நகல் வந்ததும் திருப்பித் தருவதாக டெலிவரி நோட்டிலேயே எழுதிவிடுங்கள். நல்ல எண்ணமுள்ளவர் மறுக்க மாட்டார். மறுக்கிறவரைப் பற்றி உங்களுக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதோடு உங்கள் தரப்பு வேலை ஒன்று மீதம் இருக்கிறது, பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு விற்பவருக்கு 14 நாள், வாங்குபவருக்கு 30 நாள் கெடு வைத்திருக்கிறது. அதாவது அவர் படிவம் 30-ஐப் போடுகிறாரோ இல்லையோ, நீங்கள் 14 நாளுக்குள் படிவம் 29-ஐக் கொடுத்தாக வேண்டும். நேரில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். முடியாவிட்டால் ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதையும் அனுப்பிய பிரதியையும் சேர்த்து வையுங்கள். இது மட்டுமே பெயரை மாற்றிவிடாது. மேலே சொன்ன வழக்கின் தர்க்கப்படி பொறுப்பையும் முழுக்கக் கழற்றிவிடாது. ஆனால் "நான் என் கடமையைச் செய்தேன், அவர் செய்யவில்லை" என்று காட்ட இதைவிட நல்ல பேப்பர் இல்லை.

காப்பீட்டில் இரண்டு பேரும் தப்புக் கணக்குப் போடுவார்கள். விற்றவர், "வண்டியே போயாச்சு, பாலிசியை ரத்து செய்து மீதிப் பணத்தை வாங்கலாம்" என்று நினைப்பார். பெயர் மாறும்வரை அதைச் செய்யவே செய்யாதீர்கள். காப்பீடு இல்லாத வண்டி விபத்தில் சிக்கி, பதிவில் உங்கள் பெயர் இருந்தால், கொடுக்கப் போவது நீங்கள். வாங்கியவர், "பாலிசி இன்னும் எட்டு மாதம் இருக்கு, அதுவே போதும்" என்று நினைப்பார். அதே சட்டத்தின் 157-வது பிரிவுப்படி வண்டி கை மாறும்போது பாலிசியும் அவருக்கு மாறியதாகவே கருதப்படும் என்பது உண்மை. ஆனால் அது தேர்டு பார்ட்டிக்கு, அதாவது விபத்தில் பாதிக்கப்படும் வெளியாளுக்குத்தான் கைகொடுக்கும். சொந்த வண்டியின் சேதத்துக்கு அது தானாக நகராது என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்தில் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளாமல் அவர் இடித்துக்கொண்டால் பழுதுச் செலவு அவர் பையிலிருந்துதான். இதை அவரிடம் சொல்லுங்கள், பெயர் மாற்றத்துக்கு அவரை விரைவுபடுத்த இதைவிட நல்ல காரணம் கிடையாது.

உங்களுக்கு லாபமான ஒன்றும் இங்கே உண்டு. நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி), அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டியைச் சேர்ந்ததல்ல, ஆளைச் சேர்ந்தது. விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டி நிறுவனத்திடம் என்சிபி கடிதம் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுக்குள் வேறு கார் வாங்கினால் அதற்குப் பயன்படும். 50 சதவீதம் வரை எட்டியிருந்தால் புதுக் காரின் பிரீமியத்தில் நல்ல தொகை மிச்சம்.

ஃபாஸ்டேக் சின்ன விஷயம். கண்ணாடியில் ஒட்டியிருப்பதை உரித்துவிட்டு, கொடுத்த வங்கியிடம் சொல்லிக் கணக்கை மூடுங்கள், அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. இல்லாவிட்டால் அவர் போகும் டோல் எல்லாம் உங்கள் பணத்தில். புதுக் கார்களில் வரும் கைபேசிச் செயலி இணைப்பையும் துண்டித்துவிடுங்கள். விற்ற காரின் கதவைத் திறக்கும் வசதி உங்களிடம் இருப்பது யாருக்கும் நல்லதல்ல.

வாங்குபவர் வேறு மாநிலத்துக்காரர் என்றால் 29, 30 மட்டும் போதாது. உங்கள் பதிவு அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து ஆட்சேபணையின்மைச் சான்று வாங்க வேண்டும். வண்டி மீது திருட்டு, குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற சரிபார்ப்பும் இதில் வரும். கெடுவும் உங்களுக்கு 45 நாளாக நீளும். சான்று வாங்கியதோடு பெயர் மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம், அவர் ஊரில் பதிவு செய்கிறவரை நீங்கள்தான் உரிமையாளர். நேரம் பிடிக்கும், பின்தொடர்வதும் கடினம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் நான் உள்ளூர் ஆளுக்கே கொடுப்பேன்.

தனியாள் என்று சொல்லி வந்தவர் வியாபாரி என்று தெரியவந்தாலும் ஒதுக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற பழைய கார் விற்பனையாளர்களுக்குத் தனி விதி இருக்கிறது. படிவம் 29சி மூலம் வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தளத்தில் பதிந்துவிட்டால் அதன் பிறகு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தனியாளைவிட அவர் பாதுகாப்பானவர். "அதெல்லாம் எதுக்கு சார்" என்றால் மேலே வெற்றுப் படிவத்தைப் பற்றிச் சொன்னது அவருக்கும் பொருந்தும்.

ஏற்கெனவே ஒரு வண்டியை இப்படிக் கொடுத்துவிட்டு, பெயர் மாறவில்லை என்று இதைப் படிக்கும்போதுதான் ஞாபகம் வருகிறதா? முதலில் தளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள், காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். பிறகு வாங்கியவருக்கு ஒப்புகையோடு ஒரு கடிதம், கெடு குறிப்பிட்டு. அதன் நகலோடும் டெலிவரி நோட், பணம் வந்த வங்கி விவரத்தோடும் படிவம் 29-ஐப் பதிவு அலுவலகத்தில் கொடுங்கள். கெடு தாண்டியதற்கு ஏதாவது தொகை கட்டச் சொன்னால் கட்டிவிடுங்கள். ஆள் தொடர்பிலேயே இல்லை, வண்டி எங்கே என்றே தெரியவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், வழக்கறிஞர் ஒருவரையும் பாருங்கள். புது உரிமையாளர் பெயரைத் தளம் காட்டுகிறவரை இந்தக் காகிதங்களில் ஒன்றையும் கிழித்துப் போட வேண்டாம். காட்டிய பிறகும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து டெலிவரி நோட்டோடு சேர்த்துச் சில வருடம் வைத்திருங்கள்.